பெயர் இல்லாத கோப்பு: 1957ஆம் ஆண்டைத் திரும்பப் படித்தல்



நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 1957 என்ற எண் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். அந்த ஆண்டு மே 20ஆம் தேதி பிரதமர் நேரு இங்கே வந்து முதல் சுரங்கத்தின் வெட்டுப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆண்டு விழா மேடைகளில் இந்தத் தேதியைக் கேட்டுக் கேட்டே நாம் வளர்ந்தோம். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி இரவு பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தத் தேதியை நமக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. நாமாகத் தேடித்தான் படித்தோம்.

இந்த நினைவுச் சொற்பொழிவை இம்மானுவேல் சேகரன் பெயரில் நெய்வேலியில் நடத்துவது என்று முடிவானபோது நம் வட்டாரத் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். அவர் இராமநாதபுரத்துக்காரர், நாம் தென்னார்க்காட்டுக்காரர்கள், அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டியலினத்துக்குள்ளேயே தெற்கு வேறு, வடக்கு வேறு என்று நம்மைப் பிரித்து வைத்திருக்கும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1957ஐ எடுத்துக்கொண்டோம். அந்த ஓர் ஆண்டை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தால், பரமக்குடியில் நடந்ததும் நெய்வேலியில் நடந்ததும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள் என்பது புலப்படும் என நினைக்கிறோம்.

முதலில் 1956இன் கடைசி மூன்று மாதங்கள். அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 14 அன்று, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஒரு கம்பெனியாகப் பதிவானது. நவம்பர் 14 நேருவின் பிறந்தநாள் என்பதை நினைவூட்டத் தேவையில்லை. டிசம்பர் 6 அன்று பாபாசாகேப் மறைந்தார். இந்த மூன்று தேதிகளையும் ஒரே தாளில் எழுதிய வரலாற்று நூல் எதையும் நாம் பார்த்ததில்லை. நடுவில் உள்ள தேதி தொழில் வரலாற்றுக்காரர்களுக்கு, ஓரத்தில் உள்ள இரண்டும் தலித் வரலாற்றுக்காரர்களுக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

அப்படிப் பங்கு பிரித்ததில் பாபாசாகேபுக்கே அநியாயம் நடந்திருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அவர். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையில்தான் இருந்தன. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரி வயல்களுக்கு நேரில் போய்ச் சுரங்கத் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். அடுத்த மாதமே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் அடித்தள வேலையும், நாடு முழுவதற்குமான மின் திட்டமிடலுக்கென்று மத்தியில் ஒரு தொழில்நுட்ப அமைப்பும் அவர் காலத்தில் உருவானவை. மலிவான, தடையில்லாத மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் நிலத்தை நம்பிக் கிடக்கும் கூட்டம் வறுமையிலிருந்து மீளாது என்பது அவர் வாதம். போர்க்கால நெருக்கடியில் பெண்களைச் சுரங்கத்துக்கு அடியில் வேலைக்கு அனுமதித்த முடிவையும் அவர் துறைதான் எடுத்தது. அதை அவர் சட்டசபையில் தற்காத்துப் பேசினார். அந்த முடிவில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சம வேலைக்குச் சமக் கூலி என்று அவர் அங்கே வைத்த வாதத்தை நாம் இன்றும் ஒப்பந்தத் தொழிலாளருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சுரங்கத்தையும் அனல் மின் நிலையத்தையும் எதிர்ப்பதுதான் தலித் அரசியல் என்றோ, ஆதரிப்பதுதான் என்றோ ஒரே வரியில் முடிக்க முடியாது. கிராமத்தைப் புனிதமாகப் பார்க்காதவர் பாபாசாகேப். ஊரும் சேரியுமாகப் பிளந்து கிடந்த கிராமம் அழிந்தது என்பதற்காக நாம் கண்ணீர் விடவேண்டிய கட்டாயமில்லை. அழிந்தபோது யாருக்கு என்ன கிடைத்தது என்பதே நம் கேள்வி.

1957 பிப்ரவரி, மார்ச்சில் இரண்டாவது பொதுத்தேர்தல் நடந்தது. கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். இங்கே முதன்முறையாகப் போட்டியிட்ட திமுக 15 இடங்களில் வென்றது. காமராசர் மீண்டும் முதல்வரானார். தும்பைப்பட்டிக் கக்கன் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையோடு வந்து உட்கார்ந்தார். சேரியிலிருந்து வந்த ஒருவர் அணைகளுக்கும் பாலங்களுக்கும் பொறுப்பானது சின்னச் செய்தி இல்லை. நம் பக்கத்தில் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தின் எல். இளையபெருமாள் இரண்டாவது முறையாக மக்களவைக்குப் போனார். பின்னாளில் தீண்டாமை குறித்து நாடு முழுக்கச் சுற்றி விசாரித்து, 1969இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1924ஆம் ஆண்டு பிறந்தவர். இம்மானுவேல் சேகரனும் 1924ஆம் ஆண்டு பிறந்தவர்தான். தெற்கும் வடக்கும் என்று பிரிப்பவர்கள் இந்த வயதுக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம். ஒரே தலைமுறை, ஒரே வேலை.

அந்தத் தேர்தல் எப்படி நடந்தது என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் ஒரு பொது இடம், ஒரு தனி இடம். வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். சேரிக்காரரும் ஊர்க்காரரும் ஒரே பெட்டிகளில் சீட்டுப் போட்டார்கள். அந்தத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் ஒன்று நடந்தது. தனி இடத்துக்கு ஒருவர் தேர்வான பிறகு, பொது இடத்துக்கு மீதமிருந்தவர்களில் அதிக வாக்கு வாங்கியவரும் பழங்குடி வேட்பாளராக இருந்தார். சட்டப்படி அவரே வென்றார். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959இல் பழங்குடி வேட்பாளரின் வெற்றி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துவிட்டது. அதற்கு நிர்வாகக் காரணங்கள் பல சொன்னார்கள், சிலவற்றில் நியாயமும் உண்டு. ஆனாலும் எண்ணிக்கை நம் பக்கம் சாய்ந்த இடத்தில் எண்ணும் முறையே மாறியது என்பதை எப்படிக் கவனிக்காமல் விடுவது?

தேர்தல் நடந்துகொண்டிருந்த அந்த மார்ச்சில், 6ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் தங்கக் கடற்கரைக் காலனி கானா என்ற பெயரோடு விடுதலை பெற்றது. நள்ளிரவில் அக்ராவின் போலோ மைதானத்தில் குவாமே நிக்ரூமா பேசினார். ஆப்பிரிக்கா முழுவதும் விடுதலை பெறாமல் கானாவின் விடுதலைக்குப் பொருளில்லை என்றார். அந்தக் கூட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தார். மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பை முடித்த சூட்டோடு வந்திருந்தவர். ஊர் திரும்பியதும் கானாவைப் பற்றியே தன் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். அதே 1957 செப்டம்பரில் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்கூட வாசலைத் தாண்ட இராணுவம் துணைக்கு வரவேண்டியிருந்தது. அக்ராவில் கொடி ஏறியதும் லிட்டில் ராக்கில் பள்ளிவாசல் திறந்ததும் பரமக்குடியில் இரத்தம் சிந்தியதும் ஆறேழு மாத இடைவெளிக்குள்.

கானாவை நாம் இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்கிறோம். நிக்ரூமாவின் கனவு வோல்டா ஆற்றில் ஓர் அணை, அதிலிருந்து மின்சாரம், அந்த மின்சாரத்தில் அலுமினியம். 1957இல் அது காகிதத்தில் இருந்தது. 1961இல் அகொசொம்போவில் கட்டத் தொடங்கி 1965இல் முடித்தார்கள். மனிதன் வெட்டிய மாபெரும் ஏரிகளில் ஒன்று அது. நாட்டின் மக்கள் தொகையில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர், சுமார் 80,000 பேர், எழுநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அணையின் மின்சாரத்தில் பெரும்பங்கு அமெரிக்கக் கம்பெனியின் அலுமினிய உருக்காலைக்குப் போனது. மறுகுடியமர்த்திய ஊர்கள் பலவற்றில் நெடுங்காலம் விளக்கு எரியவில்லை. இன்னொன்றும் உண்டு. விடுதலை பெற்ற அதே ஆண்டு டிசம்பரில், இனக்குழு, மதம், வட்டாரம் சார்ந்த கட்சிகளைத் தடை செய்து கானா ஒரு சட்டம் போட்டது. தேச ஒற்றுமைக்காக என்றார்கள். ஒருவகையில் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் தங்கள் நிலம் போகிறது என்று குரல் கொடுத்த சிறு குழுக்களும் அதே சட்டத்தின் நிழலில் வந்து விழுந்தன. புதிய தேசங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அடியில் இருப்பவர் தன் குறையைத் தன் பெயரில் சொன்னால், அது பிரிவினையாகக் கேட்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது என்ற கதை நெய்வேலியில் எல்லோருக்கும் தெரியும். அறுநூறு ஏக்கருக்கு மேல் அவர் அரசுக்குக் கொடுத்ததும் தெரியும். அவருடைய கொடை உண்மையானது, அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் துளையை இறக்கிய கைகள் யாருடையவை? கறுப்பாக வந்ததை முதலில் தொட்டுப் பார்த்தவர் யார்? முதலியார் தம் கையால் துளை போட்டிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், விருத்தாசலம் பகுதி. செம்மண் புஞ்சை, முந்திரி, மணிலா, பலா, கம்பு. மேலே செம்மண், அடியில் நிலக்கரி, அதற்கும் அடியில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் ஊற்று நீர். அந்த நீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து மேலே வந்துவிடும். அதனால்தான் நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவதென்பது தண்ணீர் இறைப்பதாகவும் இருக்கிறது. நேரு தொடங்கிவைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் மண்ணைத்தான் வெட்டினார்கள். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962 மே மாதம் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது.

இவ்வளவுக்கும் நிலம் வேண்டும். நிலத்தை 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள். வெள்ளைக்காரன் இரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நிலம் பிடுங்க எழுதிய சட்டம் அது. அந்தச் சட்டப்படி ஒரு கையகப்படுத்தல் கோப்பு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நஞ்சையா புஞ்சையா, பட்டாதாரர் பெயர், கிணறு உண்டா, கட்டடம் உண்டா, பலா மரம் எத்தனை, முந்திரி மரம் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான் அறிவிப்பு போகும். அந்த நிலத்தில் ஆண்டு முழுதும் உழைத்து, அந்த முந்திரிக்குத் தண்ணீர் ஊற்றிய பண்ணையாளுக்கு அதில் எந்த ‘உரிமை’யும் இல்லை. அவர் கூலி போனது நஷ்டமாக எழுதப்படாது. மரம் கோப்பில் இருக்கும், மரத்தை வளர்த்தவர் இருக்கமாட்டார்.

சேரிக்காரருக்கு நிலமே இல்லையா என்று கேட்கலாம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892இல் சென்னை அரசு ஆணை போட்டு, பஞ்சமி நிலம் என்று ஒன்று வந்தது உண்மை. அது எத்தனை கைக்கு மாறியது என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. குத்தகைக்கு உழுதவர்களைப் பாதுகாக்க 1955இல் சட்டம் வந்திருந்தது. ஆனால் குத்தகை வாய்வார்த்தையில் நடந்தது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற சட்டம் 1969இல்தான் வந்தது. ஆண்டை கொல்லையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தம் என்று சொன்ன குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. நெய்வேலியில் அளவுச் சங்கிலி இழுத்த 1957இல் இவை எதுவும் இல்லை. உழுததற்கும் ஆதாரம் இல்லை, குடியிருந்ததற்கும் ஆதாரம் இல்லை. சட்டங்கள் வரிசையாக வந்தன, ஆனால் புல்டோசருக்குப் பின்னால் வந்தன.

நிலம் இழந்த வன்னியர் சிறு விவசாயிகளையும் இங்கே சொல்லவேண்டும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்தவர்கள். அவர்கள் வாங்கிய இழப்பீடு அற்பம், அவர்கள் கோபம் நியாயம். ஆனால் அவர்கள் போராட்டத்தின் மொழி ‘நிலம் கொடுத்தவர்கள்’ என்றே அமைந்தது. நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு வேலை கொடு என்பது கோரிக்கை. கொடுக்க நிலம் இல்லாதவர் அந்த வாக்கியத்துக்குள் எப்படி நுழைவார்? அதே ஊரிலிருந்து அதே நாளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், ஒருபோதும் ‘கொடுத்தவர்’ ஆகமுடியவில்லை. இந்த ஒற்றைச் சொல்லால் ஊரும் சேரியும் ஒன்றாக நின்றிருக்கவேண்டிய ஒரு போராட்டம் தொடக்கத்திலேயே இரண்டாக நின்றது என்பது நம் கருத்து. இதில் மாற்றுக் கருத்துள்ள தோழர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் பேசலாம்.

நெய்வேலியில் அளவுச் சங்கிலி ஓடிக்கொண்டிருந்த அதே மாதங்களில் இராமநாதபுரத்தில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

முத்துராமலிங்கத் தேவர் அந்தத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கும் வென்று, சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் இடைத்தேர்தல். ஃபார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார். தேவேந்திரர்களில் பெரும்பாலோரும் நாடார்களும் காங்கிரசுக்குப் போட்டார்கள். சொன்ன ஆளுக்குப் போடாமல் தானாக யோசித்து ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டது, அந்தக் காலத்தில் அந்தச் சீமையில், மன்னிக்க முடியாத குற்றமாக இருந்தது. கிராமங்களில் மோதல் பரவியது.

இம்மானுவேல் சேகரன் திடீரென்று முளைத்தவர் இல்லை. பதினெட்டு வயதில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போனவர். இராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இரட்டைக் குவளைக்கு எதிராக ஊர் ஊராகப் போய் மாநாடு போட்டவர். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தைக் காகிதத்திலிருந்து எடுத்து டீக்கடைக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முன்னவர். இராணுவச் சீருடை போட்டு, உலகம் பார்த்துத் திரும்பிய தலித் இளைஞர்கள் கிராமத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க மறுத்ததுதான் அன்றைய பல மோதல்களின் தொடக்கம் என்று சமூகவியலாளர்கள் எழுதுகிறார்கள். நாம் அதை நம் தாத்தாக்கள் வாயாலேயே கேட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 10 அன்று ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். எல்லாத் தரப்புத் தலைவர்களும் வந்தார்கள். தேவேந்திரர் தரப்பில் வந்தவர்களில் இம்மானுவேல் ஒருவர். அவரை ஒரு சமமான தலைவராக அந்த மேசையில் உட்காரவைப்பதே அங்கே பிரச்சினையானது. எல்லோரும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போடுவது என்ற யோசனை ஏற்கப்படாமல், ஒரே வாசகத்தைத் தனித்தனித் தாளில் எழுதித் தனித்தனியாகக் கையெழுத்திட்டார்கள் என்று அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. சமாதான அறிக்கைதான், வாசகமும் ஒன்றுதான். ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வருவதுதான் சிக்கல். மறுநாள் இரவு இம்மானுவேல் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் அது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை ஐந்து மறவர்களைச் சுட்டுக்கொன்றது. அது எந்த நியாயத்திலும் அடங்காத செயல். அதை நாமும் சொல்லவேண்டும், சொல்கிறோம். தொடர்ந்து பல வாரங்கள் கிராமங்கள் எரிந்தன. முத்துராமலிங்கத் தேவர் செப்டம்பர் இறுதியில் கைது செய்யப்பட்டார், கொலை வழக்கில் 1959இல் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்பால் நாம் எதையும் இங்கே ஏற்றிச் சொல்லவில்லை. நம் அக்கறை வேறு. அரசுப் பதிவுகள் இதை ‘முதுகுளத்தூர்க் கலவரம்’ என்றே எழுதின, நாமும் அந்தப் பெயரிலேயே படிக்கிறோம். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் சமம் என்று ஆகிவிடுகிறது. சமமாக உட்கார இடமில்லாத இடத்தில் தொடங்கிய ஒன்றுக்கு, சமமானவர்கள் அடித்துக்கொண்டதாக ஒரு பெயர்.

நாகபுரியில் அக்டோபர் 3 அன்று இந்தியக் குடியரசுக் கட்சி தொடங்கியது. பாபாசாகேப் எழுதிவைத்துவிட்டுப் போன கட்சி. முதல் தலைவராகச் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் வந்தார். நவம்பர் 26 அன்று திராவிடர் கழகத்தார் அரசியல் சட்டத்தின் சாதியைப் பாதுகாக்கும் பிரிவுகளை எரித்துச் சிறை போனார்கள். ஒரே நவம்பரில் ஒரு பக்கம் அந்தச் சட்டத்தைக் கொளுத்தியவர்கள், இன்னொரு பக்கம் எரிந்த குடிசைக்கு நிவாரணம் கேட்டு அதே சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டு பேருக்கும் எதிரி சாதிதான். அந்த இரண்டு கூட்டமும் அன்று ஏன் ஒன்றாகவில்லை என்பது தனிச் சொற்பொழிவுக்குரிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறோம்.

இப்போது நாம் கூடியிருக்கும் இந்த நகரியத்தைப் பற்றிக் கொஞ்சம். வட்டம் வட்டமாக எண் போட்டுக் கட்டிய ஊர் இது. இங்கே ஊர்த் தெரு, சேரித் தெரு கிடையாது. குவார்ட்டர்ஸ் என்ன வகை என்பதைச் சாதி தீர்மானிக்கவில்லை, சம்பள நிலை தீர்மானித்தது. நம் பெற்றோரில் பலருக்கு வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வந்ததை முதலில் பார்த்த இடம் இது. கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று யாராவது ஊற்றமாட்டார்களா என்று காத்திருந்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆள் என்று தெரியாமலே பத்து வருஷம் வாழ்ந்துவிட முடியும் என்பது கிராமத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஷிப்டு முடிந்து வந்து படித்து, சங்கம் வைத்து, பாபாசாகேபுக்கு விழா எடுத்து, இப்படி ஒரு மன்றத்தை நடத்துமளவுக்கு நாம் வந்திருக்கிறோமென்றால் அதில் இந்தப் பொதுத்துறைச் சம்பளத்துக்குப் பங்குண்டு. இதை மறைத்துவிட்டுச் சுரங்கத்தைத் திட்டினால் நம் பிள்ளைகளே நம்பமாட்டார்கள்.

ஆனால் சம்பள நிலைக்குப் பின்னால் சாதி இல்லாமலா இருந்தது? மேல்நிலைப் பதவிகளில் யார் இருந்தார்கள், மண் வெட்டவும் பாரம் தூக்கவும் யார் வந்தார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் இடஒதுக்கீட்டைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நெய்வேலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அது வந்து பயன் தரத் தொடங்கிய பிறகு, நிரந்தர வேலைகள் சுருங்கி ஒப்பந்தமுறை பெருத்தது. இன்று நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பத்திலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் இருந்து சைக்கிளில் வந்து ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர்களின் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். துப்புரவு வேலை யார் கையில் என்று கேட்கவே வேண்டாம்.

நிலமற்ற கூலியையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று இந்த நாட்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் ஏற்றுக்கொண்டது 2013இல். கையகப்படுத்தும் நிலத்தில் மூன்று ஆண்டுகளாக உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் எல்லோரும் அந்த விளக்கத்துக்குள் வந்தார்கள். 1957இலிருந்து எண்ணினால் ஐம்பத்தாறு ஆண்டுகள். அந்தச் சட்டம் பின்னோக்கிச் செல்லாது. சுரங்கம் விரிகிறது, நிலம் எடுப்பது நிற்கவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வயலின் சொந்தக்காரர்கள் அழுதது படத்தில் வந்தது. அந்த வயலில் களை எடுத்த பெண்களிடம் எந்தத் தொலைக்காட்சியும் மைக்கை நீட்டியதாக நாம் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு வேலையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். முதல் சுரங்கத்துக்காகக் காலியான சேரிகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்று ஒரு பட்டியல் போட முயன்றுகொண்டிருக்கிறோம். கையகப்படுத்தல் கோப்புகளில் அவர்கள் இல்லை, பட்டா நகலில் இல்லை. முதியவர்களிடம் கேட்டால் ஆண்டையின் பெயர் நினைவிருக்கிறது, ‘பெரிய மிஷின் வந்த வருஷம்’ நினைவிருக்கிறது, பக்கத்துக் குடிசைக்காரரின் பெயர் பாதி நினைவிருக்கிறது. அப்போதுதான் ஒரு தோழர் வேறொரு காகிதத்தை நினைவூட்டினார். அந்த ஆண்டு தேர்தல் நடந்தது. தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் உண்டு. அதில் நிலம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை; இருபத்தோரு வயது நிறைந்த ஆணும் பெண்ணும், ஊரானாலும் சேரியானாலும், தகப்பன் பெயரோ கணவன் பெயரோ சேர்த்து அதில் இருக்கவேண்டும். இராமநாதபுரத்தில் எந்தச் சீட்டுக்காகக் குடிசை கொளுத்தப்பட்டதோ, அதே சீட்டுக்காக எழுதிய பட்டியல் அது. விருத்தாசலம் பகுதியின் 1957ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலை ஆவணக் காப்பகத்திலும் பழைய கட்சிக்காரர்கள் வீட்டுப் பரண்களிலும் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களில் யார் வீட்டிலாவது, கரையான் அரித்ததாக இருந்தாலும் சரி, அப்படியொரு தாள் இருந்தால் மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.